மூலையில் நாலு முடிச்சு

முதலில் அண்ணனின் கட்டிலைப் பிடுங்கினார்கள். மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தி, பலகைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்ததும், நான்கு கால்களும் ஒரு வெற்றுச் சட்டமும் மிஞ்சின. அந்தச் சட்டத்தின் மேல் அண்ணி தன் பஞ்சுப் போர்வையை விரித்து, நான்கு பக்கமும் கயிறு கோத்து இழுத்துக் கட்டினாள். கீழே அடித்துணி, நடுவில் பஞ்சு, மேலே சட்டைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மேல்துணி. மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நகராமல் இருக்க, ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போட வேண்டும். அதன்பிறகு, மேல்துணியைவிட மூன்று விரல் அகலம் கூடுதலாக விட்டிருக்கும் அடித்துணியை முன்பக்கம் மடித்து ஓரம் தைத்தால் வேலை முடிந்துவிடும்.

அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். பேக்கரியில் அடுப்பு வேலை அவனுக்கு. விடியுமுன் போய், மதியம் முகமெல்லாம் மாவும் கரியுமாகத் திரும்பி, நான்கு மணி வரை தூங்குவான்.

"இருபது வருஷமா அடுப்புல வெந்துட்டு வர்றேன். தூங்க ஒரு கட்டில் இல்ல இந்த வீட்ல."

"தரையில படுங்க. தரை எங்கயும் போயிடாது," என்றாள் அண்ணி.

"தரை போகாது. என் இடுப்பு போயிடும்."

"போனாத் தைச்சுத் தரேன். படுங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலுக்குக் கீழே ஜமுக்காளத்தை விரித்தான். தலை வைத்த கணத்தில் குறட்டை வந்துவிட்டது.

மூன்றாவது நாளாக மழை. ரயில் பாதையை ஒட்டிய அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்திருக்கும். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். இந்த வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்னறையில் அண்ணனும் அண்ணியும். வடக்குச் சுவர் ஈரம் குடிக்கிற பின்னறையில் அண்ணனின் தங்கை. அவளுக்கு முப்பத்து நான்கு வயது. ஆனாலும் வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் வேலை. வெளுப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகளில் ரேகையே இல்லை.

இரண்டு வருடம் முன்பு, கொத்தனாரான அவள் கணவன் ஏதோ ஒரு தூரத்து ஆற்றில் பாலம் கட்டப் போனான். போகுமுன் நடந்த சண்டையில் பாதித் தெரு எழுந்துவிட்டது. மறுவாரம் அவள் ஒரு தகரப்பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தாள். "இனிமே அந்த ஆளுக்கு ஒரு வரி எழுத மாட்டேன்," என்று அண்ணி முன்னால் சொன்னாள். சொன்னதை யாரும் கேட்டு வாங்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

போர்வை அவளுக்காகத்தான் என்று அண்ணி சொல்லியிருந்தாள். அண்ணி வீட்டிலிருந்தே சட்டைக் காலர் தைத்துத் தருபவள். பட்டறைக்காரர் வேண்டாமென்று விட்ட வெட்டுத் துண்டுகளை ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். நீலக் கோடு, சாம்பல் கட்டம், காப்பிக் கறைபோல ஒரு பழுப்பு. எல்லாம் ஆண்களின் சட்டைத் துணி. "ஊர்ல இருக்கற ஆம்பளை எல்லாரோட கழுத்தும் இதுல இருக்கு," என்பாள்.

முடிச்சு போட இரண்டு பேர் வேண்டும். அண்ணி மேலே, நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள். சின்னவள் கட்டிலுக்கு அடியில் பாயில் மல்லாந்து படுத்தாள். மேலிருந்து ஊசி இறங்கும். கீழே இருப்பவள் அதைப் பிடித்து இழுத்து, ஒரு அரிசி அகலம் தள்ளி மறுபடி மேலே குத்தி அனுப்ப வேண்டும். அண்ணி நூலின் இரண்டு முனையையும் வலது மேல் இடது, இடது மேல் வலது என்று மாற்றிச் சுற்றி இறுக்கி, கட்டைவிரல் அகலம் விட்டுக் கத்தரிப்பாள். முகம் தெரியாது. குரல் மட்டும் பஞ்சைத் தாண்டி வரும்.

"வருது."

"வந்துடுச்சு."

"அனுப்பு."

பத்து முடிச்சு வரை இந்த மூன்று சொற்கள்தான். பிறகு சின்னவள் கேட்டாள்.

"நான் மேல உக்காந்தா என்ன அண்ணி?"

"உன் முடிச்சு நிக்காது. ரெண்டு சுத்தையும் ஒரே பக்கமா சுத்துற. ரெண்டு தடவை துவைச்சா அவுந்துடும்."

"ஆஸ்பத்திரியில தினம் நாப்பது மூட்டை கட்டுறேன். ஒண்ணு அவுந்ததில்ல."

"மூட்டை ஒரு நாள் நின்னாப் போதும். இது பத்து வருஷம் நிக்கணும்."

பத்து வருஷம் என்ற சொல் ஊசியைப்போலவே துணியைத் துளைத்துக்கொண்டு கீழே வந்தது. பத்து வருடம் இதே பின்னறையில் நான் கிடப்பேன் என்று அண்ணியாகவே முடிவு செய்துவிட்டாளா? சின்னவள் ஊசியைக் கொஞ்சம் வேகமாகவே மேலே குத்தினாள்.

"மெல்ல. விரல்ல ஏத்தாத."

"பார்க்க முடியலையே அண்ணி. மேல இருக்கறவங்களுக்கு எல்லாம் தெரியும். கீழ இருக்கறவளுக்கு என்ன தெரியும்?"

கத்தரிக்கோல் ஒருமுறை கடித்தது.

சின்னவளுக்குச் சந்தேகம் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தபால்காரர் மழைக்கு ஒதுங்கி நின்றார். ஏதோ பேச்சுக்குச் சொல்வதுபோல, "போன மாசம் உங்க வீட்டுக்குப் பதிவுத் தபால் ஒண்ணு குடுத்தேனே, வந்து சேந்துச்சுல்ல? உங்க அண்ணிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க," என்றார். அவள் தலையாட்டி வைத்தாள். உள்ளே போய், துவைத்த விரிப்புகளையே மறுபடி கொதிகலனில் போட்டாள்.

ஏனென்றால் அவள் எழுதியிருந்தாள். சொன்னதை மீறி, மூன்று மாதம் முன்பு, பாலம் கட்டும் இடத்து முகவரிக்குப் பதிவுத் தபாலில் நான்கு பக்கம். 'வரச் சொல்லி ஒரு வார்த்தை எழுதுங்கள். வந்துவிடுகிறேன்.' அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தினமும் வேலை முடிந்து வந்ததும் கதவிடுக்கைப் பார்த்தாள். அந்த வார்த்தை வந்துவிட்டது. அண்ணி அதை எங்கேயோ வைத்திருக்கிறாள்.

அதற்கப்புறம் எல்லாமே கோத்துக்கொண்டு வந்தது. போன மாதத்திலிருந்து அண்ணி அவளுக்குப் பரிமாறுவதில்லை. அதுவரை சூப்புப் பானையை அடுப்பிலேயே வைத்து, ஒவ்வொருவர் கிண்ணத்திலும் அண்ணிதான் ஊற்றுவாள். திடீரென்று ஒருநாள் பானையையே தூக்கி மேசை நடுவில் வைத்து, கரண்டியை அவள் பக்கம் திருப்பி, "நீயே ஊத்திக்கோ," என்றாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான். வேண்டாத விருந்தாளிக்குப் பானையைக் காட்டுவதுபோல. இப்போது ஒரு போர்வை வேறு. மனதில் குற்றம் இருப்பவர்கள்தான் இப்படிக் காரணம் சொல்லாமல் எதையாவது கொடுப்பார்கள் என்று சின்னவள் நினைத்தாள்.

"தபால்காரரைப் பார்த்தேன் அண்ணி," என்றாள் கீழிருந்து.

இறங்கிக்கொண்டிருந்த ஊசி பாதியில் நின்றது. அதன் முனை மட்டும் துணிக்கு வெளியே ஒரு புள்ளியாக மின்னியது.

"எந்தத் தபால்காரர்?"

"நம்ம தெருவுக்கு எத்தனை பேர் இருக்காங்க. முழங்கால் வலிக்காரர்தான்."

"என்ன சொன்னாரு?"

"முழங்கால் வலிக்குதுன்னாரு."

பிறகுதான் ஊசி முழுதும் இறங்கியது. "மழைக்கு வலிக்கத்தான் செய்யும்," என்றது மேல்குரல். "அனுப்பு."

நான்கு மணிக்கு மழை விட்டது. மேகம் விலகி, ஜன்னல் வழியே வெயில் நேராகப் போர்வையின் மேல் விழுந்தது. கீழே படுத்திருந்தவளுக்குத் தலைக்கு மேல் ஒரு வானமே திறந்தது. பஞ்சு மெலிந்த இடம் பொன்னாகவும், தடித்த இடம் மேகமாகவும் தெரிந்தது. சட்டைக் கோடுகள் ஆறுகள்போல அதன் குறுக்கே ஓடின. அவள் ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்து பார்த்தாள். பிறகு தலைமாட்டு மூலையில் அதைப் பார்த்தாள். மேகங்களுக்கு நேர்க்கோடு கிடையாது. இதற்கு நான்கு நேர்க்கோடு இருந்தது. ஒரு கை அகலத்தில், இருண்ட, சீரான ஒரு நீள்சதுரம்.

"இந்த மூலையில பஞ்சு ஏன் இவ்வளவு கட்டியா இருக்கு?"

"எந்த மூலை?"

"தலைமாட்டு மூலை. வலது பக்கம்."

நாற்காலி கிறீச்சிட்டது. "பழைய பஞ்சும் புதுசும் கலந்தது. அங்கங்க கட்டியாத்தான் இருக்கும்."

"அந்த மூலைக்கு நாம இன்னும் வரவே இல்லையே. முடிச்சு இருக்கு."

"அந்த நாலு முடிச்சை நேத்தே தரையில வெச்சு நான் போட்டேன். நீ வேலைக்குப் போயிருந்த."

"தனியாவா? கீழ ஆள் இல்லாமலா?"

"ஓரம்தானே. கை எட்டும்."

சரேலென்று வெளிச்சம் போயிற்று. அண்ணி ஜன்னலை மூடிவிட்டாள். "அவர் மேல வெயில் அடிக்குது," என்றாள். அண்ணன் வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரித் தூங்கும் ஆள்.

மறுநாள் சின்னவளுக்கு வார விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணி காலர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் புறப்பட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "போர்வையைத் தொடாத. நான் வந்ததும் மிச்சத்தைப் போட்டுக்கலாம்," என்றாள்.

"தொடலை."

செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை சின்னவள் காத்திருந்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து மூலையின் நான்கு முடிச்சையும் வெட்டினாள். ஓரம் இன்னும் மடிக்கப்படவில்லை. கயிற்றைத் தளர்த்தினால் துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே கை போகும். முழங்கை வரை விட்டுத் துழாவினாள். பஞ்சு விரல்களில் சிலந்தி வலைபோல ஒட்டியது.

"என்ன தேடுற?"

அண்ணன். ஜமுக்காளத்தில் படுத்தபடியே ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தான்.

"ஊசி உள்ள போயிடுச்சு."

"ஊசியா?" அவன் யோசித்தான். "எடுத்துடு. நான் பன்னுக்குள்ள ஒருதடவை பொத்தானை விட்டுட்டேன். ஒரு வாரம் ஊரே பேசுச்சு."

"தூங்கு அண்ணா."

"தூங்கத்தான் விட மாட்டேங்கறீங்களே ரெண்டு பேரும்." கண் மூடியது. குறட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அவள் விரலில் காகிதம் தட்டியது. மெல்ல இழுத்தாள். நீண்ட பழுப்பு உறை. கணவனின் கோணல் எழுத்தை எதிர்பார்த்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

எழுத்து கோணல் இல்லை. சுத்தமாக, வலப்பக்கம் சாய்ந்து, சுழிகளை இறுக்கி எழுதியிருந்தது. அவளுடைய எழுத்து. அவள் அனுப்பிய அதே உறை. முகவரியின் மேல் ஊதா முத்திரை ஒன்று சரிந்து விழுந்திருந்தது. 'இந்த இடத்தில் இப்பெயரில் ஆள் இல்லை. அனுப்பியவருக்குத் திருப்புக.'

நின்றபடியே அதை மூன்று முறை படித்தாள். அந்த ஆற்றங்கரையில் அவன் இல்லை. எப்போது போனானோ, எங்கே போனானோ. மூன்று மாதமாக அவள் கதவிடுக்கைப் பார்த்தது, தன் கடிதம் தன்னிடமே திரும்பி வரத்தானா?

உறையைத் திருப்பினாள். மூடியின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து செதில் விட்டிருந்தது. நகத்தால் சுரண்டினாள். மாவுப் பசை. எச்சில் தொட்டு ஒட்டிய உறை அது. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஓரம் மடிக்கும்போது துணி நகராமல் இருக்க, குண்டூசிக்குப் பதிலாக மாவுப் பசை தடவித் தேய்த்துக்கொள்வது இந்தத் தெருவில் அண்ணி ஒருத்தியின் வழக்கம்தான்.

திறந்திருக்கிறாள். படித்திருக்கிறாள். மறுபடி ஒட்டியிருக்கிறாள்.

எப்படி அடுத்தவர் கடிதத்தைத் திறக்கலாம் என்று கோபம் மூண்டது. அந்தக் கோபம் முழுதாக எரியுமுன்னே உள்ளே தான் எழுதியது நினைவுக்கு வந்தது. மூன்றாம் பக்கம். கணவனுக்கு இரக்கம் வர வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதிய பக்கம். 'இங்கே எனக்கு நல்ல சாப்பாடுகூட இல்லை. அண்ணி ஊற்றும்போது என் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை, கரண்டியின் அடியைத்தான் பார்க்கிறாள். ஒரு சொட்டு கூடுதலாக விழுந்துவிடுமோ என்று. இரண்டு கரண்டிக்கு மேல் இந்த வீட்டில் எனக்கு இடமில்லை.'

பானை.

போன மாதம், திடீரென்று ஒருநாள் மேசை நடுவில் வந்து உட்கார்ந்த பானை. அவள் பக்கம் திருப்பி வைத்த கரண்டி. முகத்தைப் பார்க்காமல் சொன்ன 'நீயே ஊத்திக்கோ'.

சின்னவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ரயில் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு உறையை இருந்த இடத்திலேயே செருகி, பஞ்சை நிரவி, கயிற்றை இறுக்கினாள். நான்கு முடிச்சையும் மறுபடி போட்டாள். அவசரத்தில் கை தன் பழக்கத்துக்கே போயிற்று. இரண்டு சுற்றையும் ஒரே பக்கமாகச் சுற்றினாள்.

சாயங்காலம் திரும்பிய அண்ணி போர்வையை ஒரு பார்வை பார்த்தாள். மிச்ச முடிச்சுகளை இருட்டுமுன் போட்டு முடித்தார்கள். வருது, வந்துடுச்சு, அனுப்பு. அன்றைக்கு அந்த மூன்று சொல்லுக்கு மேல் இருவருக்கும் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் சின்னவள் வேலையிலிருந்து வந்தபோது போர்வை சட்டத்திலிருந்து இறங்கிவிட்டிருந்தது. அண்ணி அதைத் தரையில் விரித்து, மூன்று பக்கம் ஓரம் மடித்துத் தைத்து முடித்திருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் பசை. தலைமாட்டுப் பக்கம் மட்டும் பாக்கி.

"உக்காரு. நீ அந்த முனையிலிருந்து வா. நான் இந்த முனையிலிருந்து வரேன்."

முதல்முறையாக இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். அண்ணி உள்ளங்கையால் போர்வையைத் தடவி நிரவிக்கொண்டே போனாள். மூலையில் கை நின்றது. மற்ற முடிச்சுகளின் வால்கள் எல்லாம் பக்கவாட்டில் படிந்து கிடந்தன. அந்த நான்கின் வால்கள் மட்டும் கன்றுக்குட்டியின் காதுபோலக் குறுக்கே விறைத்து நின்றன.

சின்னவள் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டாள். நூல் காதில் நுழையவே இல்லை.

"இந்த நாலும் நிக்காது," என்றாள் அண்ணி.

"ம்."

"மாத்திப் போடணும்." ஒரு முடிச்சின் வாலை விரலால் மடக்கிவிட்டாள். அது மறுபடி எழுந்து நின்றது. "இங்க பஞ்சு கட்டியா இருக்குன்னு சொன்னியே. எடுத்துடட்டுமா? ஓரம் மடிச்சுட்டா அப்புறம் முடியாது."

அண்ணன் சமையலறையில் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. சின்னவள் நிமிர்ந்தாள்.

"எடுத்துடுங்க அண்ணி. படுத்தா உறுத்தும்."

அண்ணி நான்கையும் வெட்டினாள். கையை உள்ளே விட்டு உறையை எடுத்து, முகவரிப் பக்கம் கீழே இருக்கும்படி இருவருக்கும் நடுவில் போர்வையின் மேல் வைத்தாள். பஞ்சுத் துணுக்குகள் அதில் ஒட்டியிருந்தன.

"ஆளே இல்லைன்னு போட்டிருக்கான். அதை உன் கையில எப்படிக் குடுக்கறது? அடுப்புல போடவும் கை வரல. உன் சாமான். உன்னோடவே எங்கயாவது இருக்கட்டும்னுதான்."

"அதுக்குத் திறந்து படிக்கணுமா?"

"படிச்சிருக்கக் கூடாதுதான்." அண்ணி நூலைப் பல்லால் கடித்தாள். "ஆள் எங்க போனான்னு ஏதாவது இருக்குமோன்னு பார்த்தேன்."

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"மை கலங்கியிருந்துச்சு. பாதிதான் புரிஞ்சுது."

"எந்தப் பாதி?"

"உனக்கு எது வேணுமோ, அந்தப் பாதி."

மை எங்கும் கலங்கவில்லை என்பது சின்னவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அண்ணிக்கும் தெரியும். அண்ணியின் குரல் இறங்கியது.

"வரச் சொல்லியிருந்தா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலே போயிருப்ப. இல்ல?"

சின்னவள் பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"போயிருப்பேன்."

அண்ணி தலையை ஆட்டினாள். வலித்ததா, எதிர்பார்த்ததுதானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி. ஓரத்தைப் பிடி," என்றாள்.

அப்போது அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். "என்ன காகிதம் அது?"

"அளவுக் காகிதம்," என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேரும் ஒத்துப் பேசினா எனக்கு பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, கட்டில் பலகைகளைத் தூக்கி மாட்டத் தொடங்கினான்.

சின்னவள் உறையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணி நான்கு முடிச்சையும் போட்டாள், வலது மேல் இடது, இடது மேல் வலது. பிறகு பசை தடவி, அடித்துணியை ஒருமுறை மடித்து, இன்னொருமுறை மடித்து, இரண்டு முனையிலிருந்தும் தைத்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஊசியும் ஊசியும் இடித்துக்கொள்ளும் தூரத்தில் அண்ணி கையை எடுத்துக்கொண்டு, "கடைசித் தையலை நீயே போடு," என்றாள். "கரண்டியைத் திருப்பி வெச்ச மாதிரி இதையும் குத்திக் காட்டறேன்னு நினைக்காத."

சின்னவளுக்கு முகம் சூடேறியது. போட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பானை வழக்கம்போல மேசை நடுவில் இருந்தது. கரண்டி அவள் பக்கம் திரும்பியிருந்தது. சின்னவள் அதை எடுக்கவில்லை. தன் கிண்ணத்தை அண்ணியின் பக்கம் தள்ளினாள்.

"நீங்க ஊத்துங்க."

அண்ணி ஒரு நொடி தயங்கினாள். கரண்டியை எடுத்து முக்கித் தூக்கி, எப்போதும்போலக் கரண்டியின் அடியையே பார்த்தபடி கொண்டுவந்தாள். ஒரு மாதமாகத் தானே ஊற்றியும் கவனிக்காததைச் சின்னவள் இப்போது பார்த்தாள். காம்பு சேரும் இடத்தில் ஈயம் விட்டுப்போய், ஒரு விரிசல். அங்கிருந்து ஒரு சொட்டு உருண்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கியது. அண்ணி அதைக் கிண்ணத்தின் விளிம்பில் துடைத்துவிட்டு ஊற்றினாள். ஒன்று. இரண்டு.

கரண்டி பானைக்குத் திரும்பி, விளிம்பில் நின்றது. அண்ணி ஊற்றிய நாளெல்லாம் அந்த இடத்தில்தான் அது நின்றிருக்கிறது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அண்ணன் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தான்.

"இன்னொண்ணு," என்றாள் சின்னவள்.

"இதை வாயைத் திறந்து கேக்க உனக்கு ரெண்டு வருஷமா?" என்றாள் அண்ணி. மூன்றாவது கரண்டியைத் துடைக்காமல் ஊற்றினாள். அது மேசையெல்லாம் சொட்டியது.